இரவல் எலும்பு

எலும்பு டாக்டர்கள் மாநாட்டில் கிராஃப்ட், அதாவது எலும்பு ஒட்டு, பற்றிப் பேச வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் ஸ்லைடு மாறாது. 1668, ஆம்ஸ்டர்டாம், யோப் வான் மேக்கரன், நாய் மண்டை ஓடு. நான் எம்.எஸ். படித்தபோது அதை ஓவர்ஹெட் புரொஜெக்டர் தாளில் கையால் எழுதிக் காட்டினார்கள். இப்போது பவர்பாயின்டில் வருகிறது. பாதி அரங்கம் அந்த நேரத்தில் டீக்குப் போயிருக்கும். நான் போகமாட்டேன். அந்தக் கதையை அநேகமாக எல்லோருமே தப்பாகத்தான் சொல்கிறார்கள். இவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று பார்க்க உட்கார்ந்திருப்பேன்.

வான் மேக்கரன் அந்த ஆபரேஷனைச் செய்தார் என்பார்கள். அவர் செய்யவில்லை; பார்க்கவும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் பேர்பெற்ற அறுவை வைத்தியரான அவர் 1666இல் இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் 1668இல் புத்தகமாக வந்தன. ரஷ்யாவிலிருந்து ஒரு கடிதம் வழியாகக் காதுக்கு எட்டிய செய்தியாகத்தான் அதில் இந்தக் கதை இருக்கிறது. ரஷ்யப் பிரபு ஒருவருக்கு வாள் வெட்டில் மண்டை ஓட்டின் ஒரு துண்டு போய்விட்டது. அங்கிருந்த வைத்தியர் செத்த நாயின் மண்டை ஓட்டிலிருந்து அளவு பார்த்து ஒரு துண்டு வெட்டிப் பொருத்தினார். காயம் ஆறிவிட்டது. விஷயம் தேவாலயத்துக்குப் போனதும் மிருக எலும்பைத் தலையில் வைத்திருப்பவன் நம்மவன் இல்லை என்று அவரை விலக்கி வைத்தார்கள். பிரபு திரும்ப வந்து அதை எடுத்துவிடச் சொன்னார். திறந்து பார்த்தால், பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தின்படி, நாயின் எலும்பு அவர் எலும்போடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. எடுக்க வழியில்லை.

இதை நான் முழுசாக நம்புவதில்லை. செத்த எலும்புத் துண்டைச் சுற்றித் தழும்பு வளர்ந்து பிடித்துக்கொண்டால் மேலிருந்து தொட்டுப் பார்ப்பவருக்குச் சேர்ந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். எக்ஸ்ரே இல்லாத காலம். ஆனாலும் அந்த வைத்தியரும் பிரபுவும் பாதிரியாரும் சேர்ந்து கேட்ட கேள்விகளை விட்டு இந்தத் தொழில் இன்றுவரை நகரவில்லை. வெளியிலிருந்து வைத்தது எப்போது உடம்பின் சொத்தாகிறது? அங்கே புதிதாக எலும்பு வந்தால் அதைச் செய்தது யார், வைத்த பொருளா, உடம்பா?

இரவல் வாங்க வேண்டிய அவசியம் என்ன என்று தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். உடைந்த எலும்பு தானே கூடிவிடும், பெரும்பாலும். சில சமயம் கூடாது. நடுவில் துண்டு சிதறிப் போயிருக்கும், சீழ் பிடித்து அரித்திருக்கும், கட்டியைச் சுரண்டி எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே நிரப்ப எங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த சரக்கு நோயாளியின் சொந்த இடுப்பெலும்பு. பெல்ட் உட்காரும் அந்த மேட்டுக்கு மேல் கீறி, உளியும் சுத்தியலும் வைத்து மேல் ஓட்டைத் திறந்தால், உள்ளே பஞ்சுபோல எலும்பு இருக்கும். அதைக் குழிந்த கரண்டியால் சுரண்டி எடுப்போம். ரத்தம் ஊறிய அந்தச் சில்லுகள் கிண்ணத்தில் கிடக்கும்போதே உயிரோடு இருக்கின்றன. ஆனால் வார்டு ரவுண்டில் மறுநாள் காலை கேட்கும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒடஞ்ச கால் கூட பரவால்ல டாக்டர், நீங்க எடுத்த இடுப்புதான் உசிரு போகுது.” சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். குழந்தையின் இடுப்பில் எடுக்க அதிகம் இருக்காது. முதியவர் இடுப்பில் தரம் இருக்காது. ஆகவேதான் இத்தனை நூற்றாண்டு அலைச்சல்.

அந்த அலைச்சலில் என்னை இன்றும் அசரவைப்பது கிளாஸ்கோ. வில்லியம் மெக்கீவன் அங்கே லிஸ்டரின் மாணவர். கிருமிநாசினி முறையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்கு முன் யாரும் துணியாத இடங்களில் உளி வைத்தவர். 1878இல் அவரிடம் ஒரு சிறுவன் வந்தான். மேல்கை எலும்பில் சீழ் பிடித்து, தண்டுப் பகுதி முழுக்கச் செத்து, எடுத்துப்போட வேண்டியதாயிற்று. மாதங்கள் போயும் எலும்பு முளைக்கவில்லை. கை தொங்கியது. வெட்டி எடுத்துவிடலாம் என்பதுதான் அந்தக் காலத்து நியாயம்.

கிளாஸ்கோவில் அப்போது ஆலைப் புகை வானத்தை மூடியிருந்தது. வெயில் படாத குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ். கால்கள் வில்லாக வளைந்திருக்கும். மெக்கீவன் அவற்றை நேராக்க முழங்காலுக்குக் கீழ் எலும்பில் ஆப்பு வடிவத்தில் துண்டு எடுப்பார். குப்பைக்குப் போக வேண்டிய அந்த ஆப்புகளை அவர் குப்பைக்கு அனுப்பவில்லை. சிறு சிறு சில்லுகளாக நறுக்கி, அந்தச் சிறுவனின் கையில் தசைகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் பிளந்து, வரிசையாக வைத்தார். ஒரே தடவையில் முடியவில்லை. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வைத்தார். கை நிமிர்ந்தது. 1881இல் ராயல் சொசைட்டியில் அதை அறிவித்தார். 1912இல் எலும்பு வளர்ச்சி பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் அந்தச் சிறுவன் வளர்ந்து ஆளாகி அதே கையால் வேலை செய்வதைப் பதிந்திருக்கிறார். ஒரு பிள்ளையின் வளைந்த காலை நிமிர்த்தியபோது விழுந்த துண்டில் இன்னொரு பிள்ளைக்குக் கை வந்தது. ஒரு மனிதரின் எலும்பை இன்னொருவருக்கு வைத்து வெற்றி கண்ட முதல் நிகழ்வு என்று இதைத்தான் சொல்ல வேண்டும், நாய் கதையை இல்லை.

எலும்பைச் செய்தது யார் என்ற சண்டை அதே காலத்தில் உச்சத்தில் இருந்தது. லியோனில் லூயி ஒலியே, எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைதான் எலும்பை உண்டாக்குகிறது என்று 1867இல் இரண்டு தொகுதி எழுதியிருந்தார். உறை வெறும் வேலிதான், எலும்புச் செல்லே எலும்பைச் செய்கிறது என்றார் மெக்கீவன். 1893இல் ஜெர்மனியில் ஆர்தர் பார்த் இருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றினார். வைத்த எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தால் அது செத்துக் கிடக்கிறது. சுற்றிலும் இருந்து ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து, செத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, அந்த இடத்தில் புது எலும்பைப் போடுகின்றன. 1914இல் சிகாகோவின் டல்லஸ் பெமிஸ்டர், எலும்பு இப்படி ஊர்ந்து வந்து இடம் மாறுவதற்கு ஒரு பெயரே வைத்தார். இன்றும் பரீட்சையில் அதைக் கேட்கிறோம். மூன்று பேர் சொன்னதிலும் பங்கு உண்மை உண்டு என்பது பிறகு தெரிந்தது. தொழிலைத் திருப்பிவிட்டது பார்த்தின் கண்டுபிடிப்பு. வைப்பது எப்படியும் சாகத்தான் போகிறது என்றால் அது மனித எலும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

பார்த்துக்கு முன்பே சிலர் அந்தக் கதவைத் தட்டியிருந்தார்கள். நிக்கலஸ் சென் என்ற அமெரிக்க வைத்தியர் (பிறப்பால் சுவிஸ்காரர்) 1889இல் எருது எலும்பை எடுத்தார். எலும்பை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து, முடிச்சுப் போடுகிற அளவுக்கு வளையும் ஒன்று மிஞ்சும். கோழிக்கால் எலும்பை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ போட்டு வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பார்க்கலாம். சென் அப்படி ஊறிய துண்டுகளில் ஐயோடோபார்ம் ஏற்றி, சீழ் பிடித்த எலும்புக் குழிகளில் அடைத்தார். ஐயோடோபார்ம் வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். மருந்தைக் கொண்டு சேர்க்கும் வண்டியாகத்தான் அவர் அந்த எலும்பைக் கருதினார். குழி புது எலும்பால் மூடிக்கொண்டதைப் பார்த்துக் குறித்தும் வைத்தார். ஏன் மூடியது என்பதற்கு 76 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1892இல் பான் நகரத்தில் ட்ரீஸ்மான், 5% கார்பாலிக் கரைசலில் குழைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை, அதாவது நம் மாவுக்கட்டு மாவை, எலும்புக் குழிகளில் ஊற்றினார். சில வாரங்களில் கரைந்துவிடும் சாது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

தந்தத்தின் கதை இதைவிட நீளம். பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் 1890 வாக்கில் காசநோய் தின்ற மூட்டுகளை எடுத்துவிட்டு யானைத் தந்தத்தில் செதுக்கிய மூட்டுகளை வைத்தார். பழைய காசநோய்ச் சீழ் திரும்பக் கிளம்பி எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. அவருடைய பழைய தலைமை வைத்தியர் பெர்க்மானே எதிராக நின்றார். அத்தோடு ஐரோப்பாவில் தந்தம் ஓரம்போனது. அது திரும்ப வந்த இடம் பர்மா.

மாண்டலே பொது மருத்துவமனையில் டாக்டர் சான் பா. அமெரிக்காவில் எலும்பு மருத்துவம் படித்துத் திரும்பியவர். தொடை எலும்பின் கழுத்து உடைந்து, வைத்தியம் பார்க்காமல் விட்டு, கூடாமல் போன முதியவர்கள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். மேல்நாட்டிலிருந்து உலோக மூட்டு வரவழைக்கக் காசு இல்லை. தந்தமோ உள்ளூரில் கிடைத்தது, உலோகத்தைவிட மலிவாக. 1960இல் 83 வயதான ஒரு பிக்குணிக்குத் தந்தத்தில் செய்த தொடை எலும்புத் தலையை வைத்தார். பிறகு வந்த இருபது ஆண்டுச் சொச்சத்தில் முந்நூறு பேருக்கு மேல். 1969இல் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர்களின் கூட்டத்தில் தன் முடிவுகளை வைத்தார். அவருடைய நோயாளிகளில் பெரும்பாலானோர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், குத்துக்கால் வைத்தார்கள், நடந்தார்கள். தரையில் உட்காரும் நாட்டில் இதற்கு என்ன மதிப்பு என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். லண்டன் நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இன்னொன்று. தந்தம் ஒரு பல். பல்லின் உள்பொருளும் எலும்பைப் போலவே கொலாஜன் நாரும் கால்சியம் பாஸ்பேட் படிகமும் பின்னியது. சான் பா தன் நோயாளிகளின் எக்ஸ்ரேக்களில், சுற்றியிருக்கும் எலும்பு தந்தத்தின் மேல் ஏறிப் பிடிப்பதாகச் சொன்னார். அந்தக் காலத்து உலோக மூட்டுகளைச் சுற்றிப் பெரும்பாலும் அப்படி நடக்காது. அங்கே ஒரு தழும்புத் திரை விழும். உடம்பு அந்நியன் என்று ஒதுக்காத பொருள்களும் உண்டு என்பதற்கு மாண்டலே ஒரு நல்ல சாட்சி. பிறகு 1989இல் உலகத் தந்த வணிகத்துக்குத் தடை வந்தது. அதற்கு முன்பே, 1984இல், சான் பா காலமாகியிருந்தார்.

நடுவில் மாற்றார் எலும்பைச் சேமித்து வைக்கும் வங்கிகள் எழுந்தன. ஹவானாவில் அல்பெர்தோ இன்க்லான் 1942இல் எழுதினார். அமெரிக்கக் கடற்படை 1949இல் பெதஸ்டாவில் ஒன்றைத் தொடங்கியது. 1950களில் கீல் நகரத்தில் கன்றுக்குட்டி எலும்பைச் சுத்தம் செய்து பொட்டலம் போட்டு விற்றார்கள். வசதியாக இருந்தது, பலன் சுமார். உள்ளே புரதம் மிஞ்சியிருந்ததை உடம்பு மன்னிக்கவில்லை.

1965இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்ஷல் யூரிஸ்ட் ஒரு விபரீதமான காரியம் செய்தார். அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பு நீக்கிய எலும்பை, எலும்புக்குப் பக்கத்தில் வைக்காமல், முயலின் தசைக்குள் வைத்தார். எலும்பு இருக்கவே கூடாத இடம். சில வாரத்தில் அங்கே, மஜ்ஜையோடு கூடிய புது எலும்பு. அப்படியானால் அந்த மிச்சத்துக்குள் ஏதோ ஒன்று, அக்கம்பக்கத்துச் செல்களைப் பிடித்து ‘நீ எலும்பாகு’ என்று ஏவுகிறது. அந்தப் புரதங்களின் மரபணுக்களை 1988இல் பிரித்தெடுத்தார்கள். சென்னின் எருது எலும்பு வெறும் வண்டியாக மட்டும் ஓடியிருக்காது என்பது இங்கேதான் விளங்கியது. அவர் அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கியபோது, உள்ளே பூட்டிக் கிடந்த ஏவலாட்களையும் சேர்த்தே திறந்துவிட்டிருக்கிறார். நார்தான் முக்கியம், சுண்ணாம்பு வெறும் பாரம் என்று ஒரு தலைமுறை பேசியது. ஆனால் அதே சமயத்தில் பென்சில்வேனியாவில் முழுக்க முழுக்கச் சுண்ணாம்பாலான ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள்.

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜான் வெபர் என்று ஒரு கடல் புவியியலாளர். பசிபிக்கிலிருந்து பவளப்பாறைகளைச் சேகரிப்பவர். அதே வளாகத்தில் பொருளறிவியலாளர் யூஜின் வைட். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பவளத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்தவர்களுக்கு மனித எலும்பின் உட்புறம் நினைவுக்கு வந்தது. 1972இல் சயின்ஸ் இதழில், பவளத்தின் துளை அமைப்பை வேறு பொருள்களில் அச்சு எடுக்கும் வழியை வெளியிட்டார்கள். 1974இல் டெல்லா ராயும் சாரா லின்னகனும் நேச்சர் இதழில் அதைவிட அழகான ஒன்றைச் செய்து காட்டினார்கள். (டெல்லா ராயின் கணவர் ரஸ்டம் ராய் நம் ராஞ்சியில் பிறந்தவர், அவரும் பொருளறிவியலாளர்.) பவளம் கால்சியம் கார்பனேட். அதை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் போட்டு, மூடிய கலத்தில் உயர்ந்த அழுத்தத்தில் சூடாக்கினால், கார்பனேட் வெளியேறி பாஸ்பேட் உள்ளே வந்து உட்காருகிறது. கடைசியில் கிடைப்பது ஹைட்ராக்ஸிஅபடைட், எலும்பின் கனிமம். ஒரு துளைகூட அடைபடுவதில்லை. கடல் பூச்சி கட்டிய வீடு அப்படியே நிற்க, செங்கல் மட்டும் ஒவ்வொன்றாக மாறிவிடுகிறது.

அந்தத் துண்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்த சாம்பிள். விரல்நுனி அளவு, வெள்ளை, எதிர்பார்ப்பதைவிட லேசு. கோனியோபோரா என்ற பவளம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளைகள் அரை மில்லிமீட்டர் அகலம். எலும்புக்குள் ரத்தக் குழாய் புகுந்து செல்கள் குடியேற 100 மைக்ரானுக்குக் கீழ் இருந்தால் சிரமம் என்று 1970 வாக்கிலேயே தெரிந்திருந்தது; இதில் தாராளமாக இருக்கிறது. பொரைட்டீஸ் என்ற இன்னொரு பவளத்தில் 200 மைக்ரான் அளவில். அகலத்தைவிட முக்கியம், துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை. தியேட்டரில் ஸ்டீல் கிண்ணத்தில் நோயாளியின் ரத்தம் கொஞ்சம் விட்டு, அதில் துண்டின் அடியை மட்டும் தொட வைத்தேன். சிவப்பு மேலே ஏறியது. நான் எதுவும் செய்யவில்லை, அழுத்தவில்லை, பிழியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே உச்சி வரை நனைந்துவிட்டது. ஆலையில் சுட்டு எடுத்த சில செயற்கைத் துண்டுகளில் ரத்தம் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். உள்ளே அறைகள் உண்டு, கதவுகள் இல்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1992இல் பவள ஹைட்ராக்ஸிஅபடைட்டை அனுமதித்தது. ஆனால் இதிலும் ஒரு கோணல் வந்தது. முழுக்க மாற்றப்பட்ட பவளம் லேசில் கரைவதில்லை. வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் வெள்ளையாக, அசையாமல் உட்கார்ந்திருக்கும். புது எலும்பு துளைகளுக்குள் வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லத் தடுமாறுவோம். பிரான்சிலோ மாற்றாமலே பவளத்தைக் கார்பனேட்டாகவே வைத்தார்கள்; அது சில இடங்களில் எலும்பு வந்து சேர்வதற்குள் கரைந்தது. ஒன்று வெளியேற மறுக்கும் விருந்தாளி, இன்னொன்று சாப்பாடு ஆகும் முன்பே கிளம்பிவிடும் விருந்தாளி. பிறகு வந்த தீர்வு எனக்குப் பிடிக்கும்: பவளத்தின் மேல்தோலை மட்டும், சில மைக்ரான் கனத்துக்கு, ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றுவது. உள்ளே கார்பனேட் அப்படியே. தோல் இருக்கும்வரை எலும்பு ஏறும்; தோல் தேய்ந்ததும் உள்ளிருப்பது கரையும்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் குறுக்கே வருவார்கள். பவளம், முத்துச்சிப்பி, சங்கு எல்லாவற்றையும் நம் சித்த வைத்தியத்தில் அந்தக் காலத்திலேயே பற்பமாக்கிக் கொடுத்தார்களே, அமெரிக்காக்காரன் அதைத்தானே காப்பியடித்தான் என்பார்கள். பற்பத்தின் மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் இது வேறு, அது வேறு. புடம் போட்டுப் பொடித்து, நாக்கில் தடவினால் கரையும்படி நுணுக்குவது பற்பம். அதில் மிஞ்சுவது சுண்ணாம்பு. டெல்லா ராய் சுண்ணாம்பைத் தூக்கியெறிந்துவிட்டு, புடத்தில் முதலில் அழிகிற துளையை மட்டும் காப்பாற்றினார். சுண்ணாம்புக்குப் பஞ்சமா நமக்கு? வெற்றிலைப் பெட்டியிலேயே இருக்கிறது. எலும்புக்குத் தேவை குடியிருக்க இடம்.

நான் பல வருடம் வேலை பார்த்த தூத்துக்குடியில் பவளக்கல் சுவர் உள்ள பழைய வீடுகளை இன்னும் பார்க்கலாம். காரை பெயர்ந்த இடத்தில் அந்தத் துளைத் துளையான கல் தெரியும். மன்னார் வளைகுடாவின் பாறைகளை உடைத்து, தோணியில் ஏற்றி வந்து, வீடு கட்டினார்கள், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள், கார்பைடு ஆலைக்கும் அனுப்பினார்கள். 1972இல் வெளியான ஒரு மதிப்பீடு, வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் பவளப்பாறை எடுக்கப்படுவதாகச் சொன்னது. வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்குள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. சென்னை விஞ்ஞானிகள் இந்தியப் பவளத்திலிருந்து ஹைட்ராக்ஸிஅபடைட் செய்யும் முறையை 1996இல் எழுதினார்கள். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. எலும்புக்கு ஆகும் என்று நமக்குத் தெரிந்தபோது எடுக்கக் கூடாது என்ற சட்டமும் சேர்ந்தே வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வருடத்தில் காளவாய்க்குப் போனதில் ஒரு மூலை போதும், மாநிலம் முழுக்க எலும்புக் குழிகளை நிரப்ப. அதைச் சுட்டு வெள்ளையடித்தோமே என்பதுதான் வருத்தம்.

சிப்பியின் வயது இன்னும் பெரியது. 1931இல் ஹோண்டுராஸில் போப்பனோ தம்பதி ஒரு கீழ்த்தாடைத் துண்டைத் தோண்டி எடுத்தார்கள். மாயா நாகரிகம், கி.பி. 600 வாக்கு. முன்பற்கள் இருக்க வேண்டிய மூன்று குழிகளில் பல் வடிவத்தில் செதுக்கிய சிப்பித் துண்டுகள். செத்த பிறகு அலங்காரத்துக்காக வைத்தது என்றே நினைத்தார்கள். 1970களில் பிரேசிலின் பல் மருத்துவர் அமதேயோ போபியோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இரண்டு துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்து இறுகியிருந்தது. செத்தவருக்கு எலும்பு வளராது. 1992இல் பாரிஸில் எவ்லின் லோபெஸ் குழுவினர் முத்துச்சிப்பியின் உள்பக்க மினுமினுப்பை மனித எலும்புச் செல்களோடு வளர்த்து, அது எலும்பு உண்டாவதைத் தூண்டுவதாகக் காட்டினார்கள். அந்த மாயா வைத்தியரை நான் ரஷ்ய வைத்தியருக்கு மேலே வைப்பேன். அவருடைய எக்ஸ்ரே இருக்கிறது.

இன்று பல் கிளினிக்கில் தாடை எலும்பு நிரப்பச் சின்னக் குப்பியில் வரும் வெள்ளைக் குறுணை பெரும்பாலும் மாட்டெலும்பு. உலகத்தில் அதிகம் பேர்போனதைச் செய்யும் சுவிஸ் நிறுவனம் 1851இல் எலும்பு, தோலிலிருந்து பசை காய்ச்சும் தொழிலில் ஆரம்பித்தது. தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்தச் சரக்கு. புரதம் முழுக்கப் போகும்படி பதப்படுத்திவிடுவதால் கீலில் நடந்தது இங்கே நடப்பதில்லை. ஆனால் சில இடங்களில் இது என்ன எலும்பு என்று நோயாளிக்குச் சொல்வதே இல்லை. அது எனக்குச் சம்மதமில்லை. நான் சொல்லிவிடுவேன். சுத்த சைவமான ஒரு ஆச்சி நான் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, “மாட்டெலும்பாய்யா? வேண்டாம்யா. என் இடுப்புலேயே எடுத்துக்கிடுங்க, வலிச்சா வலிச்சிட்டுப் போவுது” என்றார். பாய் ஒருவர், “பன்னி இல்லையே சார்?” என்று மட்டும் கேட்டார், பல் வைத்தியத்தில் பன்றியின் கொலாஜன் சவ்வுகளும் உண்டு என்பதால் அது அர்த்தமுள்ள கேள்வி. ரஷ்யக் கதையில் பாதிரியார் செய்ததை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் கேட்கும் உரிமை அந்தப் பிரபுவுக்கு இருந்தது. அவரிடம் முதலில் யாராவது சொன்னார்களா என்று கதையில் இல்லை.

விலங்கையே விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியில் ஃபயென்சா, பல நூறு வருடமாக மெருகு மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்குள்ள பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில் அன்னா தம்பியேரி குழுவினர் பிரம்பைக் கையில் எடுத்தார்கள். பிரம்பை நறுக்கினால் குறுக்குவெட்டில் நீளவாக்கில் ஓடும் குழாய்கள் தெரியும். நீண்ட எலும்பின் போக்கும் அதுவே. முதலில் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். கரிக்குள் கால்சிய ஆவியைச் செலுத்தினால் கார்பைடு. அதைச் சுண்ணாம்பாக்கி, கார்பனேட்டாக்கி, கடைசியில் பாஸ்பேட்டில் போட்டு ஹைட்ராக்ஸிஅபடைட் ஆக்குகிறார்கள். அந்தக் கடைசிப் படி பென்சில்வேனியாவின் அதே சமையல். நம் ஆட்கள் பவளத்திலிருந்து கார்பைடுக்குப் போனார்கள், இவர்கள் கார்பைடு வழியாகப் பவளத்தின் இடத்துக்கு வருகிறார்கள். 2009இல் செய்முறையை வெளியிட்டார்கள். 2014இல் செம்மறி ஆடுகளின் கால் எலும்பில் வைத்துப் பார்த்ததை எழுதினார்கள். குழாய்களின் திசையிலேயே எலும்பு உள்ளே போயிருந்தது. ஆச்சிக்கும் பாய்க்கும் இதில் ஆட்சேபம் இருக்காது. விலை என்ன என்று சொல்ல இன்னும் எந்தப் பிரதிநிதியும் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை.